அறிக்கையில் ‘முன்னேற்றம்’ என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பெருமூளை வாதம் (பிறப்பை ஒட்டிய காலத்தில் மூளையில் ஏற்படும் பாதிப்பால் உடலசைவு குன்றும் நிலை) உள்ள என் மகனுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, அவுஸ்திரேலிய அரசின் என்.டி.ஐ.எஸ். என்ற மாற்றுத்திறனாளிகள் திட்டத்திலிருந்து அவனுடைய இயன்மருத்துவத்துக்கு (பிசியோதெரபி) வந்த ஒதுக்கீடு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதுவரை ஆண்டுக்கு 42 மணிநேரச் சிகிச்சைக்குப் போதுமாக இருந்த பணம், இனி 20 மணிநேரத்துக்கே போதும் என்றாயிற்று. காரணம் கேட்டபோது, திட்டத்தின் அதிகாரிகள் நாங்களே அனுப்பிவைத்திருந்த அறிக்கையிலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டினார்கள். “கடந்த பன்னிரண்டு மாதங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.”

அந்த வரி பொய்யன்று. வோக்கரைப் பிடித்தபடி பத்து மீற்றர் தூரம் நடக்க 2022இல் அவனுக்கு எத்தனை விநாடி எடுத்ததோ, ஏறத்தாழ அத்தனை விநாடிதான் 2023இலும் எடுத்தது. முழங்காலை நீட்டும்போது எடுக்கும் கோணமும் இரண்டு மூன்று பாகைக்குள் அப்படியே இருந்தது. ஆனால் அதே பன்னிரண்டு மாதங்களில் அவன் 9 சென்ரிமீற்றர் வளர்ந்திருந்தான் என்பதை அந்த அறிக்கை எங்கும் சொல்லவில்லை. பெருமூளை வாதம் உள்ள பிள்ளையின் எலும்பு வளரும் வேகத்துக்கு, எந்நேரமும் இறுகியே கிடக்கும் அதன் தசை ஈடுகொடுத்து நீள்வதில்லை. ஆகவே உயரம் கூடக்கூட முழங்கால் மேலும் மடங்கப் பார்க்கும். குதிகால் நிலத்தை விட்டு எழும்பப் பார்க்கும். ஒன்பது சென்ரிமீற்றர் வளர்ந்த பின்னும் கோணம் மாறவில்லை என்றால், அந்த ஆண்டு முழுவதும் பார்த்த வேலை பலித்திருக்கிறது என்றே பொருள். அதை விளக்கவேண்டிய அறிக்கை ‘மாற்றம் இல்லை’ என்பதோடு நின்றுவிட்டது. அப்போது நாங்கள் சென்றுகொண்டிருந்த சிகிச்சை நிலையம் அதை அவசரத்தில் எழுதியது. நானும் முழுவதும் வாசிக்காமல் அனுப்பினேன். அந்தத் தாளை மட்டுமே வைத்துக்கொண்டு முடிவெடுக்கவேண்டிய ஒருவர், பணத்தைக் குறைக்காமல் வேறு என்ன செய்திருப்பார் என்று இன்று யோசித்துப் பார்க்கிறேன்.

சிட்னியின் மேற்குப் புறநகர்களான வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், ரூங்காபி பக்கங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து, பிள்ளைக்கோ வயது வந்த தம்பிக்கோ என்.டி.ஐ.எஸ். திட்டம் கிடைத்தவர்கள் அவ்வப்போது என்னை அழைத்துப் பேசுவார்கள். பெரும்பாலான கேள்விகள் இயன்மருத்துவத்தைப் பற்றியவையாகவே இருக்கும். தொலைபேசியில் துண்டுதுண்டாகச் சொல்லிவந்ததை ஒருமுறை முறையாக எழுதிவைக்க நினைத்தேன்.

இத்திட்டம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் மொழி ஓரளவு புரியும். அவுஸ்திரேலிய அரசுக்கு ஆலோசனை கூறும் உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2011இல் தன் அறிக்கையை வெளியிட்டபோது, அன்றிருந்த மாற்றுத்திறனாளி சேவைகள் நிதி போதாதவை, நியாயமற்றவை, சிதறிக் கிடப்பவை என்று வெளிப்படையாகவே எழுதியது. ஜூலியா கில்லார்ட் பிரதமராக இருந்தபோது, 2013 மார்ச்சில் என்.டி.ஐ.எஸ். எனப்படும் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்புறுதித் திட்டத்துக்கான சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஜூலையில் சில இடங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2016 ஜூலையிலிருந்து நாடெங்கும் படிப்படியாக விரிந்தது. இதற்கென, அரச மருத்துவக் காப்புறுதிக்கான மெடிகெயார் வரி 2014இல் 1.5 வீதத்திலிருந்து 2 வீதமாக உயர்த்தப்பட்டது. குடும்பத்தின் வருமானத்தையோ சொத்தையோ பார்த்து இது வழங்கப்படுவதில்லை. விண்ணப்பிக்கும்போது 65 வயதுக்கு உட்பட்டிருக்கவேண்டும். இயலாமை நிலையானதாகவும், அன்றாடச் செயல்களைப் பெரிதும் பாதிப்பதாகவும் இருக்கவேண்டும். இன்று ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் இருக்கிறார்கள்.

என் மகன் 2010இல், இருபத்தொன்பது வாரங்களிலேயே பிறந்தவன். அவன் நடக்கப் பழகவேண்டிய வயதில் இத்திட்டம் இன்னும் வந்திருக்கவில்லை. 2011 ஜூலையில் தொடங்கிய ‘பெற்றர் ஸ்டார்ட்’ என்ற உதவியின்கீழ் ஏழு வயதுக்குள் செலவழித்து முடிக்கவேண்டிய 12,000 டொலர் கிடைத்தது. ஓர் ஆண்டில் 6,000 டொலருக்குமேல் எடுக்கமுடியாது. ஏழு வயதுக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு அன்று எவரிடமும் பதில் இல்லை. 2016இல் மேற்குச் சிட்னிக்கு என்.டி.ஐ.எஸ். வந்தபோது எங்கள் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டோம். இத்திட்டத்தைக் குறைசொல்லி எழுதும் எந்த வரியையும் அந்த நாளின் நினைவோடுதான் எழுதுகிறேன்.

இயன்மருத்துவத்துக்கான பணம் ‘திறன் வளர்ப்பு’ என்ற பெரும் பிரிவின்கீழ், ‘மேம்பட்ட அன்றாட வாழ்வு’ என்ற தலைப்பில் வருகிறது. வளர்ப்பு, மேம்பாடு என்ற இந்தச் சொற்களே எதிர்பார்ப்பையும் கொண்டுவந்துவிடுகின்றன. பணம் போட்டால் திறன் வளரவேண்டும். வளர்ந்ததை அளந்து காட்டவேண்டும். விபத்தில் கால் முறிந்தவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தும். வளரும் வயதிலுள்ள, தசை இறுக்கம் கொண்ட ஒரு பிள்ளைக்கும், தசைச் சிதைவு நோயுள்ள இளைஞனுக்கும், நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயுள்ள நாற்பது வயதுப் பெண்ணுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் ஆண்டு முழுவதும் பாடுபடுவது, இன்று செய்ய முடிவதை அடுத்த ஆண்டும் செய்வதற்காக. சட்டமோ ஆதரவு ‘நியாயமானதாகவும் அவசியமானதாகவும்’ இருக்கவேண்டும் என்று கேட்கிறது. இருப்பதைக் காத்துக்கொள்வது அதற்குள் அடங்காது என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் அதை ஒவ்வொரு முறையும் நாம்தான் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

பெருமூளை வாதத்தில் உடல் இயக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற வகைப்பாடு 1997இல் கனடாவில் உருவானது. முதல் நிலையில் இருப்பவர் துணையின்றி நடப்பார். ஐந்தாம் நிலையில் இருப்பவருக்குத் தலையை நிமிர்த்தி வைத்திருப்பதே கடினம். என் மகன் மூன்றாம் நிலை. வீட்டுக்குள்ளும் பாடசாலையிலும் வோக்கர், நெடுந்தூரத்துக்குச் சக்கர நாற்காலி. இவ்வகைப்பாட்டைக் கொண்டு பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர்கள், மூன்றாம், நான்காம், ஐந்தாம் நிலைகளில் இருப்போர் ஏழெட்டு வயதில் எட்டிய உச்சத்திலிருந்து பதின்ம வயதில் இறங்கக்கூடும் என்று கண்டிருக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னவர் எங்களுடைய இரண்டாவது இயன்மருத்துவர். அவர் ஒரு தாளில் மேலேறி வளைந்து இறங்கும் கோடு ஒன்றை வரைந்து, “இந்த வயதில் உங்கள் மகனை ஒப்பிடவேண்டியது போன வருடத்து அவனோடு அல்ல அம்மா, சிகிச்சை இல்லாமல் விட்டிருந்தால் இந்நேரம் எங்கே நின்றிருப்பான் என்பதோடு” என்றார். ஒதுக்கீட்டை மீளாய்வு செய்யக் கோரி நாங்கள் எழுதிய விண்ணப்பம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் எழுந்ததுதான்.

ஒதுக்கீடு பற்றிய தீர்மானம் கிடைத்த மூன்று மாதங்களுக்குள் மீளாய்வு கேட்கலாம். புதிய இயன்மருத்துவர் பழைய அளவீடுகளையெல்லாம் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அன்றைய உயரத்தையும் எடையையும் எழுதினார். இடுப்பு மூட்டின் கதிர்ப்படங்களையும் சேர்த்தார். மெல்பேர்ணில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தொடை எலும்பு இடுப்புக் குழியிலிருந்து விலகும் நிலைமை முதல் நிலைப் பிள்ளைகளில் எவருக்கும் காணப்படவில்லை. இரண்டாம் நிலையில் 15 வீதம், மூன்றாம் நிலையில் 41 வீதம், நான்காம் நிலையில் 69 வீதம், ஐந்தாம் நிலையில் 90 வீதம். ஒரு பிள்ளையின் தொடை எலும்புத் தலையில் 30 வீதத்துக்கு மேற்பட்ட பகுதி குழிக்கு வெளியே இருந்தால் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பவேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். பயிற்சியால் மட்டும் இடுப்பு விலகலைத் தடுத்துவிட முடியாது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். ஆனால் மாதந்தோறும் உடலைக் கவனிக்கும் ஒருவர் இல்லாவிட்டால் உட்காரும் விதம் கோணுவதையோ ஒரு தொடை மற்றதைவிட இறுகுவதையோ யார் முதலில் காண்பார்? இறுதியில், இருபது மணிநேரத்தோடு நிறுத்தினால் என்னென்ன செலவு பின்னால் வரக்கூடும் என்பதை எழுதியிருந்தார். கட்டிலிலிருந்து எழ இன்னொருவர் துணை, தூக்கும் கருவி, பராமரிப்பாளரின் மேலதிக மணிநேரங்கள். எழுதியது உண்மையாக இருந்ததால் அதில் மிகை எதுவும் தேவைப்படவில்லை. சில மாதங்களில் 38 மணிநேரத்துக்கான பணம் திரும்பக் கிடைத்தது. அந்தச் சில மாதங்களில் இழந்தது வேறு கணக்கு. வலது முழங்கால் அந்த இடைவெளியில் ஆறு பாகை மடங்கியது. இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை.

மணிநேரம் என்று சொல்கிறேனே தவிர, அந்த மணிநேரங்கள் முழுவதும் பிள்ளையின் உடலுக்குப் போவதில்லை. ஓர் அறிக்கை எழுத ஐந்து மணிநேரம் எடுத்தால் அந்த ஐந்தும் அதே பையிலிருந்துதான் போகும். கணுக்கால் தாங்கி செய்பவரோடு பேசுவதும், பாடசாலை உதவியாளருக்குப் பயிற்சி கொடுப்பதும், வீட்டுக்கு வந்துபோகும் பயண நேரமும் அப்படியே. நியூ சவுத் வேல்ஸில் 2019 முதல் மணிக்கு 193.99 டொலராகவே நின்றிருந்த இயன்மருத்துவக் கட்டண உச்சவரம்பு, 2025 ஜூலையில் 183.99 டொலராகக் குறைக்கப்பட்டது. பயண நேரத்துக்கு அதில் பாதியையே கேட்கலாம் என்றும் ஆயிற்று. முன்பு ஒரு மணிநேரச் சிகிச்சைக்கு இருபது நிமிடப் பயணம் சேர்ந்தால் எங்கள் திட்டத்திலிருந்து ஏறத்தாழ 259 டொலர் போகும். இப்போது ஏறத்தாழ 215 டொலர். கணக்கில் எங்களுக்கு மிச்சம்தான். ஆனால் வீட்டுக்கு வருபவரின் பெட்ரோலும் வீதியில் கழியும் நேரமும் குறையவில்லை; அவர் வீட்டு வருகைகளை மாதத்துக்கு ஒன்றாகச் சுருக்கிக்கொண்டார். அவரை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் பார்ப்பதற்கும் சிகிச்சை நிலையத்தில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. எங்கள் குளியலறை வாசற்படி எவ்வளவு உயரம், எந்தச் சுவரில் பிடி பொருத்தலாம் என்பதை நிலையத்தின் சமதளத் தரையில் எப்படிக் கண்டறிவது?

இங்கே நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். இயன்மருத்துவ உதவியாளர் என்றொரு பணி உண்டு. இயன்மருத்துவர் வகுத்துக் கொடுத்த பயிற்சிகளை அவருடைய மேற்பார்வையில் செய்விப்பவர்; அவருக்கான கட்டணம் மணிக்கு இயன்மருத்துவரின் கட்டணத்தில் பாதிக்கும் குறைவு. மாதத்துக்கு இரண்டு முறை இயன்மருத்துவரும் இடையிலுள்ள கிழமைகளில் உதவியாளரும் என்று மாற்றியபோது அதே பணத்தில் கிழமைதோறும் ஒருவர் கிடைத்தார். ஆறு ஆண்டுகளாக எவரும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்பம்மா எங்களோடு இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள்முதல் பேரனின் கால்களுக்கு நல்லெண்ணெய் தேய்த்து, மடங்கியதை நீட்டிவிடுவது அவருடைய மாலைக் கடமை. நரம்பும் தசையும் இளகி ஒருநாள் பிள்ளை ஓடும் என்ற நம்பிக்கையில் செய்தார். முதலாவது இயன்மருத்துவரும் ஏறக்குறைய அதையே செய்தார். நாங்கள் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். 2013இல் அயோனா நோவாக் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், பெருமூளை வாதத்துக்கு வழங்கப்படும் சிகிச்சைகளையெல்லாம் சான்றுகளின்படி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வீதிச் சமிக்ஞை விளக்குகளைப் போல வகைப்படுத்தினார்கள். பிள்ளை தானே முயன்று, தனக்கு வேண்டிய ஒரு செயலைத் திரும்பத் திரும்பப் பழகுவது பச்சைக்குள் வந்தது. வீட்டில் முறையாகச் செய்யும் பயிற்சியும் பச்சை. மற்றொருவர் கையால் இழுத்து நீட்டிவிடுவது பச்சைக்குள் வரவில்லை. ஒரு கிழமையில் 168 மணிநேரம் இருக்கிறது. அதில் ஒரு மணிநேரத்துக்கு ஒருவர் வந்து காலை நீட்டிவிட்டுப் போவதால் மற்ற 167 மணிநேரத்தின் இறுக்கம் மாறிவிடாது என்பது, சொல்லக் கேட்ட பிறகு எவருக்கும் விளங்கக்கூடியதே. அந்த ஒரு மணிநேரம் வீட்டிலிருக்கும் எங்களுக்கும் அவனுக்கும் வழிகாட்டுவதற்கானது. அப்பம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இயன்மருத்துவர்தான் வழி கண்டுபிடித்தார். எண்ணெய் தேய்ப்பதைத் தொடரச் சொல்லிவிட்டு, அது முடிந்ததும் அப்பம்மாவின் கதிரைக்கு முன்னால் பேரன் பத்துத் தடவை எழுந்து உட்காரவேண்டும், எண்ணுவது அப்பம்மாவின் பொறுப்பு என்று வைத்தார். இன்றைக்கும் மாலை ஆறரைக்கு எங்கள் வீட்டில் அந்த எண்ணிக்கை கேட்கும்.

திட்டத்தில் இலக்கு எழுதச் சொல்வார்கள். எங்கள் மக்கள் பலர் அதை அதிகாரிக்கான கட்டமாக நினைத்து, ‘சுயமாக நடத்தல்’, ‘தசை வலிமை பெறுதல்’ என்று பொதுப்படையாக எழுதிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். பன்னிரண்டு வயதில் அவனிடமே கேட்டபோது, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் யாரும் தூக்காமல் உள்வீதி சுற்றவேண்டும் என்றான். திருவிழா நாட்களில் கூட்டத்தில் தகப்பன் அவனைத் தூக்கிக்கொண்டு சுற்றுவது வழக்கம். மற்றப் பையன்கள் பார்ப்பது அவனுக்கு வெட்கம். இயன்மருத்துவர் அதை அப்படியே எழுதினார். எழுதியபின் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரச்சினைகள் தெரிந்தன. அவன் அணியும் கணுக்கால் தாங்கி சப்பாத்துக்குள் அணியவேண்டியது; கோயிலுக்குள் சப்பாத்துப் போடமுடியாது; சப்பாத்து இல்லாத பிளாஸ்ரிக் அடி கழுவிய கருங்கல் தரையில் வழுக்கும்; தாங்கியையும் கழற்றினால் கால் விரலில்தான் நிற்பான். நிலையத்தின் தரையில் எத்தனை ஆண்டு பழகினாலும் இது வெளிப்பட்டிருக்காது. தாங்கி செய்பவர் அதன் அடியில் வழுக்காத இறப்பர்த் தகடு ஒட்டிக் கொடுத்தார். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமைக் காலைகளில் உதவியாளர் அவனோடு பழகினார். அவர் தமிழரல்லர், முதல் நாள் வாசலில் தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எந்தப் பக்கமாகச் சுற்றவேண்டும் என்று அவனிடம் கேட்டார்.

பதினொரு வயதில் தொடைப் பின்தசைகளை நீட்டும் அறுவைச் சிகிச்சை நடந்தபோது வேறொரு சிக்கலைக் கண்டோம். அறுவைக்குப் பிந்திய மறுவாழ்வு சுகாதாரத் துறையின் பொறுப்பு. நீண்டகால இயன்மருத்துவம் என்.டி.ஐ.எஸ். பொறுப்பு. எழுத்தில் தெளிவாக இருக்கும் இந்த எல்லை, ஒரு பிள்ளையின் காலில் எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. வைத்தியசாலை தன் பங்கு பன்னிரண்டு வாரத்தோடு முடிந்ததாகக் கருதியது. அவன் பழைய நிலைக்கு நடக்க ஓர் ஆண்டுக்குமேல் ஆயிற்று. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவுடனேயே, எந்த வாரத்திலிருந்து எந்தப் பணம் என்பதை இரு தரப்பிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

2021 குடிசன மதிப்பீட்டின்படி அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 95,000 பேர். இத்திட்டத்தில் வேற்று மொழி, பண்பாட்டுப் பின்னணி கொண்டவர்களோ பத்தில் ஒருவருக்கும் குறைவு; மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கு இதைவிடப் பெரிது. எங்களுக்குள் பிள்ளையின் நிலையை வெளியே சொல்லத் தயங்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் எல்லாம் தயக்கமல்ல. குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாதவர்களுக்கு, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, இத்திட்டத்தில் இடமில்லை. படகில் வந்து பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தற்காலிக வீசாவில் இருக்கும் எங்கள் மக்களுக்கு மூடப்பட்ட கதவு இது. என் மகன் பார்த்த அதே மருத்துவரைப் பார்க்க வந்த, அதே மூன்றாம் நிலையிலுள்ள ஒரு சிறுமியை நான் அறிவேன். அவளுடைய தாய் தையல் வேலை செய்கிறார். அப்பம்மாவின் கதிரைப் பயிற்சியை அவருக்கும் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் பையன் வளர்ந்ததால் அவனுக்குச் சிறிதாகிப்போன வோக்கரையும் கொடுத்தேன். கிழமைதோறும் அவளுடைய இடுப்பையும் முழங்காலையும் பார்த்துச் சொல்லக்கூடிய பயிற்சி பெற்ற கண்களை என்னால் கொடுக்க முடியவில்லை. நினைக்கும்போதெல்லாம் இது என்னை வருத்துகிறது.

ஆங்கிலம் சரளமாக இல்லாத பெற்றோருக்கு ஒரு செய்தி. திட்டம் பற்றிய சந்திப்புகளுக்கும் சிகிச்சைக்கும் தொலைபேசி வழியாக இலவசத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வெட்கப்பட்டு மூத்த பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தம்பியைப் பற்றிய எல்லாவற்றையும் அக்காவின் வாயால் சொல்லவைப்பது அவளுக்குப் பாரம். அறிக்கை தயாரானதும் வரைவை அனுப்பச் சொல்லி வாசியுங்கள். பிள்ளையின் உயரமும் எடையும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். விழுந்த நாட்களை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். நான் குறித்திருந்த பதினேழு திகதிகள் மீளாய்வின்போது பெரிதும் உதவின.

அவனுக்கு இப்போது பதினைந்து வயது. போன ஆண்டுத் திருவிழாவில் உள்வீதியை ஒரு முறை முழுவதும் சுற்றினான். இரண்டாம் சுற்றில் பாதியில் களைத்துத் தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டான். அடுத்த மறுமதிப்பீடு ஓகஸ்ட் மாதம் வருகிறது. இந்த முறை இலக்கைத் தானே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறான்: வென்ட்வேர்த்வில்லிலிருந்து பரமட்டாவுக்கு நண்பர்களோடு, நான் இல்லாமல், ரயிலில் போய் வருவது. வருகிற வியாழக்கிழமை இயன்மருத்துவர் ரயில் மேடையில் வந்து சந்திக்கிறார். ஓடும் பெட்டிக்குள் வோக்கரின் பிரேக்கைப் போட்டுவிட்டு எத்தனை நிமிடம் நிற்கமுடிகிறது என்பதை அன்று அளப்பார்கள்.